வளையத்துக்குப் பட்டா போட்டது யார்?

கேள்வி: எங்கள் ஊர் கிளப் சுவரில் ஒலிம்பிக் வளையங்களை வரைந்து, உள்ளே கண்டங்களின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கறுப்பு, ஆசியாவுக்கு மஞ்சள். தோல் நிறத்தை வைத்து ஆளைப் பிரிக்கும் இந்தச் சின்னத்தை ஓணப் போட்டி நோட்டீசிலும் போடுகிறார்களே, நியாயமா?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: கோபம் சரி, விலாசம்தான் தப்பு. 1913இல் அந்தச் சின்னத்தை வரைந்தவர், நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியர் தெ கூபர்த்தென். அவர் எந்த வளையத்தையும் எந்தக் கண்டத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. ஐந்து வளையங்கள் என்றால் ஒலிம்பிக்கில் சேர்ந்த ஐந்து நிலப்பகுதிகள், அவ்வளவுதான். (அமெரிக்கா இரண்டும் சேர்ந்து ஒன்று. அண்டார்டிகாவில் ஓடப் பென்குவினை விட்டால் ஆளில்லை.)

நிறங்களின் கதை வேறு. நீலம், கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை, இவற்றோடு பின்னணி வெள்ளை. அன்றைய நாடுகளின் கொடிகளில் இருந்த நிறங்கள் எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கணக்கு. ஸ்வீடனின் நீலம் மஞ்சள், கிரேக்கத்தின் நீலம் வெள்ளை என்று அவரே எடுத்துச் சொன்னார். நம் காவியை இந்தக் கணக்கில் தேட வேண்டாம். நம் கொடி பறக்க இன்னும் 34 வருடம் இருந்தது.

கண்டத்துக்கு ஒரு நிறம் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது. கிளப் பையன்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒலிம்பிக் கமிட்டியின் கையேட்டிலேயே அது இருந்தது. கூபர்த்தென் அப்படி நினைத்ததற்கு ஆதாரம் இல்லை என்று 1951இல்தான் எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ஐரோப்பாவுக்கு நீலம், ஆஸ்திரேலியாவுக்குப் பச்சை. தோல் நிறம்தான் கணக்கு என்றால், நீல நிறத்தில் ஒரு வெள்ளைக்காரரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

அப்புறம் நோட்டீஸ். அதில் குற்றம் பிடிக்க வேண்டுமானால், அனுமதி வாங்காமல் போடுகிறார்கள் என்று பிடியுங்கள். வளையங்கள் கமிட்டியின் சொத்து. மற்றபடி ஓணத்துக்கு வடம் இழுப்பீர்களே, அதற்கும் ஒலிம்பிக்குக்கும் பழைய உறவு உண்டு. 1900 முதல் 1920 வரை வடம் இழுப்பதும் ஒலிம்பிக் போட்டியாக இருந்தது. 1916 ஒலிம்பிக்கைப் போர் விழுங்கிவிட்டதால், வளையக் கொடி ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பறந்தது 1920இல், ஆன்ட்வெர்ப் நகரில். ஒலிம்பிக்கில் கடைசியாக வடம் இழுத்ததும் அங்கேதான்.

சுவரின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. வெள்ளை இல்லையென்றால் முதலில் வெள்ளையடிக்கச் சொல்லுங்கள், ஆறாவது நிறம் அதுதானே. கண்டங்களின் பெயரை அழிக்கவும் அதே சுண்ணாம்பு போதும்.