நாவல், நெல்லி, ஸ்ட்ராபெரி: சுகர் உள்ளவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். பழங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வேலந்தாவளம் முதல் வட்டவடை வரைக்கும் கேள்விகள் வந்துவிட்டன. நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டு, குறை என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பழம் என்று சொன்னால் மென்று தின்னும் பழம்தான், ஜூஸ் இல்லை.

வட்டவடை, விவசாயி: மேடம், நாங்க ஸ்ட்ராபெரி போட்டிருக்கோம். எனக்கு ரெண்டு வருஷமா சுகர். வெளைய வச்சதை நானே சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடுங்கண்ணா. 100 கிராம் ஸ்ட்ராபெரியில் இனிப்பு சுமார் 5 கிராம்தான். அதே எடை வாழைப்பழத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பழத்துக்குச் சிவப்பும் நீலமும் கொடுக்கும் அந்தோசயனினும் அதன் கூட்டாளிகளும், மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைக் கொஞ்சம் தடுக்கின்றன. நார்ச்சத்தும் சேர்வதால் சர்க்கரை ரத்தத்தில் நிதானமாக ஏறுகிறது. 2013-ல் பின்லாந்தில் ரொட்டியோடு பெரிப் பழங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் ரொட்டி தின்றபோது இருந்ததைவிட இன்சுலின் குறைவாகவே ஏறியது.

அதே 2013-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் 1,87,382 அமெரிக்கர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வந்தது. வாரம் மூன்று முறை ப்ளூபெரி தின்றவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. பழச்சாறு குடித்தவர்களுக்கு வாய்ப்பு கூடியிருந்தது. நான் ஜூஸ் ஜூஸ் என்று கத்துவது இதனால்தான். ஆனால் இது கவனித்து எழுதிய கணக்கு. ப்ளூபெரி தின்கிறவர் நடைப்பயிற்சியும் போகிறவராக இருக்கலாம் இல்லையா?

பழத்தைக் கொடுத்தே சோதித்தபோது முடிவு ஒன்றுபோல வரவில்லை. 2010-ல் 32 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆறு வாரம் ப்ளூபெரி கொடுத்ததில், அவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2019-ல் 115 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 150 கிராம் ப்ளூபெரிக்குச் சமமான பொடியை ஆறு மாதம் கொடுத்தார்கள். ரத்தக் குழாய்களின் நிலை மேம்பட்டது, இன்சுலின் பக்கம் மாற்றமே இல்லை. இரண்டுக்கும் ப்ளூபெரி விவசாயிகள் அமைப்பின் பணமும் வந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாலு மணி டீயோடு வரும் பழம்பொரியை (வாழைப்பழ பஜ்ஜி) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கைப்பிடி ஸ்ட்ராபெரி வையுங்கள். மூணு வேளையும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் பழமும் தின்றால் லாபம் இல்லை.

சித்தூர் (பாலக்காடு): ரிப்போர்ட்டில் மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு இருக்கு. அப்படின்னா?

இடுப்புச் சுற்றளவு நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டுவது, வெறும் வயிற்றுச் சுகர் 100-க்கு மேல், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150-க்கு மேல், பிரஷர் 130/85-க்கு மேல், நல்ல கொழுப்பு குறைவு. ஐந்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர்.

மறையூர்: எங்க ஊர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு. அதைப் போட்டு நெல்லிக்காய் ஊற வச்சா சுகருக்கு நல்லதுதானே?

குறியீடு தரத்துக்கும் ஊருக்கும் கிடைத்த பெருமை. சுகருக்கு வெல்லம் வெல்லம்தான், அதுவும் கரும்பின் இனிப்புதான். இங்கே இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம், சீனிக்குப் பஞ்சசாரை. 'சர்க்கரை போடாதீங்க' என்று தமிழில் நான் சொன்னதைக் கேட்டு, வெல்லத்தை மட்டும் விட்டுவிட்டு டீயில் சீனி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு மூன்று மாதம் வீணாய்ப் போனது. இரண்டுமே வேண்டாம்.

கோபாலபுரம்: உப்பிலிட்ட நெல்லிக்காய்?

பிரஷர் இருந்தால் வேண்டாம். பச்சையாகக் கடியுங்கள்.

மீனாட்சிபுரம்: அப்பாவுக்கு நாவல் கொட்டைப் பொடி கொடுக்கிறோம். ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அளவு சொல்ல மாட்டேன், மன்னியுங்கள். எலிகளில் சுகர் குறைந்ததாக நிறைய ஆய்வுகள் உண்டு. மனிதர்களில் மாத்திரைக்கு ஈடாக நிற்கும் அளவுக்கு உறுதியான ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. 2004-ல் பிரேசிலில் நாவல் இலைத் தேநீரையும் கிளைபுரைடு என்ற சுகர் மாத்திரையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை சுகரைக் குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை.

பொள்ளாச்சி, சித்த மருத்துவம் படித்தவர்: அது இலை. நாங்கள் கொடுப்பது கொட்டை. இலையை வைத்துக் கொட்டையைத் தள்ளுவது நியாயமா?

நியாயம் இல்லை சார், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆய்வு கொட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதே நியாயப்படி, எலிக்குக் கொடுத்ததை மீனாட்சிபுரத்து அப்பாவுக்கும் நீட்ட முடியாது.

கொல்லங்கோடு: என் தாத்தா நாற்பது வருஷம் ஞாவல் குரு (நாவல் கொட்டை) பொடிதான் சாப்பிட்டார். தொண்ணூறு வயசு வரை இருந்தார்.

தாத்தா வயலில் நின்ற நேரத்தையும் நடந்த தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி.

பொள்ளாச்சி, சித்த மருத்துவம் படித்தவர்: ப்ளூபெரியில் இருப்பதுதானே நாவலிலும் இருக்கிறது? வெள்ளைக்காரன் பழம் என்றால் மட்டும் நம்புவீர்களா?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் நானும் நாவல் மரத்தடியில் வாய் நீலமாக வளர்ந்தவள்தான். டெல்ஃபினிடின், மால்விடின் வகை நிறமிகள் இரண்டிலும் இருப்பது உண்மை. அதனால்தான் ப்ளூபெரி டப்பாவைத் தேடி அலையாதீர்கள், ஆனி ஆடியில் நாவல் தின்னுங்கள் என்று கிளினிக்கிலும் சொல்கிறேன். பழத்தைப் பற்றி நமக்குள் சண்டையே இல்லை. பொடியைக் காட்டி மாத்திரையை நிறுத்துவதுதான் என் சண்டை. அப்படி நிறுத்திவிட்டு, காலில் ஆறாத புண்ணோடு வந்தவர்களின் கட்டை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரையோடு பொடியையும் சேர்த்து, சுகர் இறங்கி மயங்கியவர்களும் உண்டு. நீங்கள் கொடுக்கும்போது சுகரை அளந்து பார்த்துக் கொடுங்கள், டாக்டருக்கும் தெரியட்டும். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.

வேலந்தாவளம்: நெல்லி ஜூஸ் வெறும் வயிற்றில்?

பழமாகத் தின்னுங்கள்.

உடுமலை: பட்டுப்பூச்சித் தோட்டத்து மல்பெரிப் பழம் சாப்பிடலாமா? இலையில் டீ போடலாமா?

பழம் ஒரு கைப்பிடி, மருந்து தெளிக்காத செடி என்று தெரிந்தால். இலை சுவாரசியமானது. அதில் உள்ள டிஎன்ஜே என்ற பொருள் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தடுக்கிறது. மிக்லிடால் என்ற சுகர் மாத்திரை அதன் சாயலில் உருவானதுதான். அதனாலேயே மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இலை டீ குடிக்க வேண்டாம்.

கொல்லங்கோடு: நாவல் ஜூஸ் பாட்டிலில் வருதே, அது?

ஜூஸ் வேண்டாம். மூன்றாவது முறை சொல்கிறேன்.

சித்தூர் (பாலக்காடு): கிரியேட்டினின் 2.4. எந்தப் பழம்?

கிரியேட்டினின் கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. உங்கள் சிறுநீரக டாக்டரிடமே கேளுங்கள்.

மீனாட்சிபுரம்: மேடம், ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பொடி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்பா மாத்திரை போடறதில்லை. பத்து நாள் ஆச்சு. ரெண்டு நாளா ரொம்பத் தாகம், ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திருக்கார்.

மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நாளை தொடரலாம். தங்கச்சி, காலை வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் யாரிடமாவது குளுக்கோமீட்டர் இருந்தால் இப்போதே குத்திப் பாருங்கள். 300-க்கு மேல் இருந்தாலோ, வாந்தி, மூச்சு வாங்குவது, பேச்சில் தடுமாற்றம் எது இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுங்கள். மீட்டர் கிடைக்காவிட்டாலும் கிளம்புங்கள். பழைய மாத்திரை அட்டையையும் பொடி டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். வந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள், நான் விழித்திருக்கிறேன்.