இருமல் வரவில்லை என்றால் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பதினெட்டு நாட்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாக உணவு கொடுக்கிறோம். "வாய் வழியாக எதுவும் கூடாது, ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா கையைக் காட்டிக் காட்டித் தண்ணீர் கேட்கிறார், பார்க்க முடியவில்லை. நேற்று அத்தை மனசு கேட்காமல் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டார். இருமலே வரவில்லை. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாமா? குழாயை எப்போது எடுப்பார்கள்?

பதில்: பெற்ற தகப்பன் தண்ணீர் கேட்டு, இல்லை என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பது எனக்குப் புரிகிறது. அத்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் முறையாகப் பரிசோதிக்கும் வரை மூன்றாவது ஸ்பூன் வேண்டாம்.

நமக்குப் புரையேறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம். மூச்சுக்குழாய்க்குள் எதுவோ வந்துவிட்டது என்று தொண்டை உணர்ந்து சொல்வதால்தான் அந்த இருமல். பக்கவாதத்தில் தொண்டைத் தசைகள் தளர்வதோடு, பலருக்கு அந்த உணர்வும் மழுங்கிப்போகிறது. தண்ணீர் நேராக நுரையீரலுக்கு இறங்கும், முகத்தில் ஒரு சுளிப்புகூட இருக்காது. சத்தமில்லாத இந்தப் புரையேற்றம்தான் எங்களை அதிகம் பயமுறுத்துவது. அதனால் இருமல் வராததைப் பத்திரம் என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் தண்ணீர்தான் ஆபத்து கூடியது. மெல்லிய திரவம் வேகமாக ஓடும். தளர்ந்த தொண்டை மூடிக்கொள்வதற்குள் அது உள்ளே போய்விடும்.

நேற்றுக் கொடுத்தது சிறிய அளவு, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் மட்டும் கவனமாகப் பாருங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், தொண்டையில் களகளவென்று சத்தம், குரல் ஈரமாக ஒலிப்பது, வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், குழப்பம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வயதானவர்களுக்கு நிமோனியா சில சமயம் காய்ச்சலே இல்லாமல், வெறும் சோர்வாகத்தான் தொடங்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பாவின் உயிரைக் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வாயை ஒரு நாளைக்கு எத்தனை முறை சுத்தம் செய்கிறீர்கள்? வாயால் சாப்பிடாதவருக்கு எதற்கு என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. சாப்பிடும்போது மெல்லுவதும் உமிழ்நீர் ஓடுவதும் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கின்றன. சாப்பிடாத வாய் காய்ந்து, நாக்கில் படலம் கட்டி, கிருமிகள் பெருகும் இடமாகிவிடுகிறது. குழாய் இருந்தாலும் அவர் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறார், அதில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகலாம். குழாய் அதைத் தடுக்காது. போகும் உமிழ்நீரில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷில் துளியளவு பற்பசை வைத்துப் பல், ஈறு, நாக்கு மூன்றையும் தேய்த்துவிடுங்கள். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, அல்லது ஒருக்களித்துப் படுக்க வைத்துச் செய்யுங்கள். மல்லாந்த நிலையில் வேண்டவே வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தெடுங்கள். இடது கன்னத்தின் உட்புறத்தை மறக்காமல் பாருங்கள், உணர்வு குறைந்த பக்கத்தில் சளி தேங்கினால் அவருக்கே தெரியாது. பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். நடுவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள். அவர் கையைக் காட்டுவதில் பாதி இந்த வாய் வறட்சியால் இருக்கலாம். மீதி உண்மையான தாகமாக இருந்தால், குழாயில் கொடுக்கும் தண்ணீர் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரியாவது உயர்ந்திருக்கட்டும், முடித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மூக்கருகே குழாயில் உள்ள குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், உணவும் கொடுக்காதீர்கள், செவிலியரை அழையுங்கள்.

குழாய் எப்போது வெளியே வரும்? பக்கவாதம் வந்த புதிதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். அவர்களில் பலருக்கு முதல் சில வாரங்களிலேயே அது மீண்டுவிடுகிறது. விழுங்குதலை மூளையின் இரண்டு பக்கங்களும் சேர்ந்தே நடத்துகின்றன, அதனால் ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் மெல்ல மெல்லப் பொறுப்பைக் கூட்டி எடுத்துக்கொள்கிறது. மூளைத்தண்டில் பாதிப்பு வந்தவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் கூடுதல் காலம் பிடிக்கும். நாள் எண்ணிச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் நம்பிக்கையோடு இருக்கக் காரணம் இருக்கிறது.

பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் அளந்த தண்ணீரைக் கொடுத்துப் பார்ப்பார். ஐயம் இருந்தால் மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டோ, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை விழுங்கச் சொல்லிப் படம் எடுத்தோ பார்ப்பார்கள். சத்தமில்லாத புரையேற்றத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க இந்த இரண்டும்தான் வழி. பிறகு எந்தப் பதத்தில் தொடங்கலாம், என்ன பயிற்சி என்று சொல்வார். தலையைக் குனிந்து விழுங்குவது, பலவீனமான பக்கம் திருப்பி விழுங்குவது எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டில் செய்ததை அப்பாவுக்குச் செய்யாதீர்கள்.

அனுமதி கிடைத்த பிறகு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலர் அவசரப்படுவார்கள், இடப்பக்கம் இருப்பதைக் கவனிக்கவும் மாட்டார்கள். அதனால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நேராக உட்கார வைத்து, அரை ஸ்பூன் வீதம் வலது பக்கமாகக் கொடுங்கள். விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. மாத்திரைகளை நீங்களாகப் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடித்தால் மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இதெல்லாம் சின்னச் சின்ன வேலை என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. முதல் மூன்று நாட்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் செவிலியர்கள் வகுத்த முறைப்படி கவனித்த இடங்களில், 90 நாட்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் சேர்ந்து 42 சதவீதம். மற்ற இடங்களில் அது 58 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை, கவனிப்பு மட்டும்தான் வித்தியாசம்.

ஒரு மாதம் என்று சொன்னார்கள் என்பதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்பா விழித்திருக்கிறார், கையைக் காட்டிக் கேட்கிறார், சொல்வதைப் புரிந்துகொள்கிறார் என்றால் பரிசோதனைக்கு ஏற்ற நிலையில் இருக்கிறார் என்று பொருள். நாளைக் காலையே தொலைபேசியில் அழைத்து, விழுங்கும் பரிசோதனையை இந்த வாரமே செய்ய முடியுமா என்று கேளுங்கள். நேற்று இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.