இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படாமல், உள்ளூர்க்காரர்களுக்காகவே இன்னும் நடக்கும் பாரம்பரியம் எது?

சியெனா நகரத்தின் பாலியோ குதிரைப் பந்தயம். தஸ்கனியில் படித்த காலத்தில் அந்த ஊரில் குடியிருந்ததால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்று வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஊர் நடுவில் சிப்பி வடிவத்தில் சரிந்து கிடக்கும் பியாட்சா தெல் காம்போ சதுக்கத்தின் ஓரத்தில் மண் கொட்டி, சேணம் போடாத குதிரைகளை மூன்று சுற்று ஓட விடுவார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பரிசு, ஓவியம் தீட்டிய ஒரு பட்டுக் கொடி. பணம் கிடையாது. வென்றவர்களுக்குச் செலவுதான் அதிகம்.

இதில் மோதுவது பேட்டைகள். கொன்த்ராதா என்பார்கள், மொத்தம் 17. யாருடைய எல்லை எந்தத் தெருவரை என்பதை 1729-ல் ஆளுநராக இருந்த இளவரசி வியோலாந்தே வரையறுத்தார், இன்றும் அதுதான் கணக்கு. ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக் கொடி, தனிக் கோயில், தனி அருங்காட்சியகம். குழந்தை பிறந்தால் பேட்டையின் நீரூற்றில் ஞானஸ்நானம் செய்து கழுத்தில் பேட்டைத் துணி கட்டுவார்கள். இது தேவாலய ஞானஸ்நானம் போக இன்னொன்று! கணவனும் மனைவியும் வேறு வேறு பேட்டை என்றால், பாலியோ நாட்களில் அவரவர் தாய்வீட்டுப் பக்கம் போய்விடுவதும் உண்டு.

ஒரு பந்தயத்தில் 10 பேட்டைகளுக்குத்தான் இடம். குதிரையைச் சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள், ஜாக்கி மட்டும் கூலிக்கு வருபவர். இங்கேதான் விளையாட்டே தொடங்குகிறது. நமக்கு நொண்டிக் குதிரை வாய்த்துவிட்டால், ஜெயிப்பதை மறந்துவிட்டு எதிரிப் பேட்டையை ஜெயிக்க விடாமல் செய்வதற்குப் பணம் செலவழிக்கலாம். அடுத்த ஜாக்கிக்குக் காசு கொடுப்பது குற்றமே இல்லை, ஊரறிந்த வழக்கம்.

அந்தப் பேரம் கடைசி நொடி வரை நடக்கும். ஒன்பது குதிரைகள் இரண்டு கயிறுகளுக்கு நடுவில் வரிசையாக நிற்க வேண்டும். பத்தாவது குதிரை பின்னால் நிற்கும். அது உள்ளே பாய்ந்தால்தான் பந்தயம் தொடங்கும். எதிரி திரும்பி நிற்கிற நேரமாகப் பார்த்து அந்த ஜாக்கி பாய்வார். அதுவரை குதிரைகள் முட்டிக்கொள்ளும், ஜாக்கிகள் காதோடு காதாகத் தொகை பேசுவார்கள், கூட்டம் வெயிலில் வேகும். ஒரு மணி நேரம் இப்படியே போகலாம். இருட்டிவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்கள். எனக்கு ஓட்டத்தைவிட இதுதான் பிடிக்கும்.

ஜாக்கி விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். 2019 ஆகஸ்டில் செல்வா பேட்டைக்கு ரெமோரெக்ஸ் என்ற குதிரை அப்படித்தான் ஆளில்லாமல் ஓடி வாங்கிக் கொடுத்தது. பந்தயத்துக்கு முன் குதிரையைப் பேட்டைக் கோயிலுக்குள் அழைத்துப் போய்ப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். குதிரை உள்ளேயே லத்தி போட்டுவிட்டால் நல்ல சகுனம். வென்ற பேட்டையில் நரைத்த பெரியவர்கள்கூட வாயில் குழந்தைகளின் ரப்பர் சூப்பானோடு திரிவார்கள், புதிதாகப் பிறந்துவிட்டார்களாம்.

பகை விளையாட்டுக்கு அல்ல. நீண்ட காலம் ஜெயிக்காத பேட்டையைப் பாட்டி என்று கிண்டல் செய்வார்கள். லூபா பேட்டை 1989-க்குப் பிறகு 27 வருடம் ஜெயிக்காமல் அப்படிப் பேச்சு வாங்கிவிட்டு, 2016-ல் இரண்டு பந்தயத்தையும் அள்ளியது. என் வீட்டுக்கார அம்மா லூபாவின் ஜென்ம விரோதியான இஸ்த்ரிச்சே பேட்டை. அந்த வருடப் பேச்சை எடுத்தாலே, “காபி போடவா?” என்று எழுந்துவிடுவார்.

சான் மார்தீனோ வளைவு ஆபத்தான இறக்கம். அங்கே குதிரைகள் விழுந்து செத்திருக்கின்றன. விலங்கு நல அமைப்புகள் எதிர்க்கின்றன, நியாயமாகத்தான். சுவருக்கு மெத்தை கட்டுவது, கலப்பினக் குதிரைகளை மட்டும் அனுமதிப்பது என்று சில மாற்றங்கள் வந்துள்ளன. போதுமென்று எனக்குத் தோன்றவில்லை.

போவதாக இருந்தால், சதுக்கத்தின் நடுவில் நிற்கக் காசு இல்லை, ஆனால் உள்ளே போனபின் மணிக்கணக்கில் வெளியேற முடியாது, கழிப்பறையும் இல்லை. முந்தின இரவு பந்தயத்தில் ஓடும் ஒவ்வொரு பேட்டையும் தெருவில் நீள மேசை போட்டு விருந்து வைக்கும். அதற்கு வெளியாட்களுக்கும் சீட்டு கிடைப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள். கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கிய கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.