ஆர்டர் வாங்கியதும் வாடிக்கையாளரை அனுப்பிவிடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். மதுரை சுங்குடிச் சேலை விற்க ஜாங்கோவில் (பைதான் மொழியின் இணையதளக் கட்டமைப்பு) ஒரு தளம் செய்திருக்கிறேன். ஆர்டர் போட்டதும் பில் பிடிஎஃப் தயாராகி, மெயிலும் போன பிறகுதான் 'நன்றி' பக்கம் வருகிறது. சித்திரைத் திருவிழா சமயத்தில் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, பொறுமை இழந்து சிலர் இரண்டு தடவை அமுக்கி இரண்டு ஆர்டர் விழுந்துவிடுகிறது. பின்னணியில் ஒரு திரெட் ஓடவிட்டால் போதுமா?
– வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: திரெட் வேண்டாம். உங்கள் தளத்தை ஓட்டும் சர்வரான கூனிகார்ன் மறுபடி தொடங்கினால், அதற்குள்ளேயே ஓடும் அந்தத் திரெட்டும் அதோடு செத்துவிடும், எந்த மெயில் போகவில்லை என்று தேடக்கூட ஒரு தடயம் இருக்காது. இப்போதுள்ளபடியே விடுவதும் ஆபத்துதான். நீங்கள் அமைப்பை மாற்றாதிருந்தால் 30 விநாடிக்கு மேல் சிக்கி நிற்கும் தன் ஒர்க்கரை (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் செயல்முறையை) கூனிகார்னே கொன்றுவிடும்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே எழுந்து போய் பரோட்டா வீசினால் வரிசை எப்படி நகரும்? ஆர்டரை டேட்டாபேஸில் எழுதுங்கள், 'நன்றி' பக்கத்தை உடனே காட்டுங்கள். பில்லும் மெயிலும் ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பில் ஒரு வரிசையாகக் காத்திருக்கட்டும், அதைத் தனியாக ஓடும் செலரி (பின்னணி வேலைகளுக்கான கருவி) ஒர்க்கர் எடுத்துச் செய்யும்.

செலரிக்கு ஆர்டர் எண்ணை மட்டும் கொடுங்கள், முழு ஆர்டரையும் தூக்கிக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் ஒர்க்கர் அதைக் கையில் எடுப்பதற்குள் வாடிக்கையாளர் முகவரியை மாற்றியிருக்கலாம். அதையும் டேட்டாபேஸ் பதிவு உறுதியான பிறகே ஓடும் ஜாங்கோவின் transaction.on_commit என்பதற்குள் வைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் டேட்டாபேஸில் ஆர்டர் பதிவாகி முடிவதற்குள் ஒர்க்கர் முந்திக்கொண்டு ஓடி, 'அப்படி ஒரு ஆர்டரே இல்லை' என்று விழுந்துவிடும். உங்கள் கணினியில் சோதிக்கும்போது இது பெரும்பாலும் தலைகாட்டாது, கூட்டம் ஏறும் நாளில்தான் வரும்.

அப்புறம், ஒரே வேலை இரண்டு தடவை நடக்கும் என்று எண்ணியே நிரலை எழுதுங்கள். மெயில் சர்வர் பதில் தராவிட்டால் மறுபடி முயலச் சொல்வீர்கள் அல்லவா, முதல் தடவையே மெயில் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வராமல் போயிருக்கலாம். அதனால் 'பில் அனுப்பியாச்சு' என்று ஆர்டரிலேயே குறித்து வையுங்கள், ஒர்க்கர் முதலில் அதைப் பார்க்கட்டும். இதுவும் முழுக் காப்பு இல்லை, மெயில் போன பிறகு குறிப்பதற்குள் ஒர்க்கர் விழுந்தால் இரண்டாவது பில் போகும். மெயில் இரண்டு போனால் பரவாயில்லை. பணத்தைத் திருப்பித் தரும் வேலையில் இப்படி விடவே கூடாது.

ஆனால் இரட்டை ஆர்டரை இந்த வரிசை முழுசாகத் தடுக்காது. படிவத்தோடு ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பி, அந்த எண் இரண்டாம் முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். பட்டனை முடக்குவது மட்டும் போதாது.

செலரி ஒர்க்கரை லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஏற்றி, Restart=always என்று போட்டுவிடுங்கள், விழுந்தால் தானாக எழும். புது நிரல் ஏற்றும்போது தளத்தோடு சேர்த்து ஒர்க்கரையும் மறுபடி தொடங்குங்கள், இல்லையென்றால் அது பழைய நிரலையே ஓட்டிக்கொண்டிருக்கும்.