கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு சட்டமன்றத் தொகுதியில் 2024-இல் இடைத்தேர்தல் ஏன் வந்தது? அங்கே எம்.எல்.ஏ.வாக இருந்த விஜயதரணி எத்தனை முறை ஜெயித்தவர்?

மூன்று முறை. மூன்றும் காங்கிரஸ் சார்பில், ஒரே தொகுதியில்: 2011, 2016, 2021. வழக்கறிஞரான அவர் 2011-இல் முதலில் ஜெயித்தது, அதற்கு முந்தைய 2006 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி வென்றிருந்த இடத்தில். அடுத்த இரண்டு தடவையும் இரண்டாம் இடம் பாஜகவுக்கு. போட்டி யாரோடு என்பதே மாறிப்போயிருந்தது.

2024 பிப்ரவரியில் அதே பாஜகவில் சேர்ந்தார். ஒரு கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர் தானாக அந்தக் கட்சியை விட்டால் பதவி பறிபோகும் என்பது கட்சித்தாவல் தடைச் சட்டம். அதனால் தகுதிநீக்கம் வருமுன் ராஜினாமா. சபாநாயகர் அப்பாவு ஏற்றுக்கொண்டார். ஏப்ரல் 19-இல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தல். விஜயதரணி நிற்கவில்லை (பாஜக மக்களவைக்கும் பொன். ராதாகிருஷ்ணனைத்தான் நிறுத்தியது). காங்கிரஸின் தாரகை கத்பர்ட் பாஜக வேட்பாளர் நந்தினியைத் தோற்கடித்தார். ஆள் போனாலும், தொகுதிக்குள் இருக்கும் குழித்துறைப் பக்கம் கை சின்னத்து ஓட்டு போகவில்லை.