ஷெல் கிடைத்துவிட்டது, ரூட் கிடைக்கவில்லை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். ஒரு சி.டி.எஃப். (ஒளித்து வைத்த ஃபிளாகைத் தேடி எடுக்கும் ஹேக்கிங் போட்டி) பயிற்சி மெஷினில் வெப்சைட் ஓட்டை வழியாக ஷெல், அதாவது கட்டளை அடிக்கும் இடம், எடுத்துவிட்டேன். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசராக உள்ளே நிற்கிறேன், முழு அதிகாரம் உள்ள ரூட் யூசராக முடியவில்லை. லினக்ஸின் உள்மையமான கெர்னல் 5.4. டர்ட்டி கவ் என்ற கெர்னல் ஓட்டைக்கான எக்ஸ்ப்ளாய்ட் ஓட்டினேன், டெர்மினல் அப்படியே நின்றுவிட்டது. ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சுடோ பாஸ்வேர்ட் கேட்கிறது. ஓட்டைகளைத் தேடித் தரும் லின்பீஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால் பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. இனி எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்த டர்ட்டி கவ்வை விட்டுவிடுங்கள் தம்பி. அது 2016 அக்டோபரிலேயே அடைக்கப்பட்ட ஓட்டை. உங்கள் 5.4 கெர்னல் வெளிவந்தது 2019இல். அடுத்து டர்ட்டி பைப் என்ற இன்னொரு கெர்னல் ஓட்டையைத் தேடிப் போவீர்கள். அது 5.8இல்தான் தொடங்குகிறது. அதாவது உங்கள் மெஷின் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எக்ஸ்ப்ளாய்டை இறக்குமுன் இந்த எண்களை ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலான சி.டி.எஃப். மெஷின்களில் கெர்னல் கடைசி வழிதான். மெஷினைச் செய்தவர் ஏதோ ஒரு இடத்தில், நிஜ அட்மின்கள் செய்யும் ஒரு கவனக்குறைவை வேண்டுமென்றே வைத்திருப்பார். அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: ரூட் செய்கிற வேலைகளில் என் கை எங்கே படுகிறது?

உங்கள் நிலையில் நான் முதலில் தேடுவது பாஸ்வேர்டை. சுடோ பாஸ்வேர்ட் கேட்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்பது வெப் சர்வருக்கான யூசர், அதற்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டே இருக்காது. ஆனால் வெப்சைட்டின் புரோகிராம் கோடு முழுவதையும் அது படிக்கலாம். அந்தக் கோடு டேட்டாபேஸுடன் பேச வேண்டுமே, அதற்கான பாஸ்வேர்ட் ஏதாவது ஒரு கான்ஃபிக் ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-கான்ஃபிக் என்ற ஃபைல். ஹோம் ஃபோல்டரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே பாஸ்வேர்டை ஒவ்வொருவருக்கும், வேறு யூசராக மாற உதவும் எஸ்யூ கட்டளையில் போட்டுப் பாருங்கள். டேட்டாபேஸுக்கு வைத்ததையே தன் லாகினுக்கும் வைத்துக்கொள்வது மனிதர்களின் பழக்கம். ஒரு கணக்கு திறந்ததும், எந்தக் கட்டளைகளை ரூட்டாக ஓட்டலாம் என்று சுடோ மைனஸ் எல் போட்டு மறுபடி கேளுங்கள். இப்போது பதில் வேறாக இருக்கலாம். ரூட்டுக்கு நேரே ஏற முடியாவிட்டால் பக்கத்து யூசருக்கு நகர்ந்துவிட்டு ஏறலாம். இதை மறந்துதான் பலர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இதில் ஒரு சின்னத் தடங்கல் வரும். எஸ்யூ, சுடோ இரண்டும் பாஸ்வேர்ட் வாங்க ஒழுங்கான டெர்மினலை எதிர்பார்ப்பவை. வெப்சைட் வழியாக வந்த ஷெல் அப்படிப்பட்டதல்ல. பைதானின் பி.டி.ஒய். மாட்யூலைக் கொண்டு பேஷ் என்ற ஷெல்லை ஒருமுறை எழுப்பிக்கொள்ளுங்கள், பிறகு சிக்கல் இராது.

அடுத்தது எஸ்.யூ.ஐ.டி. ஒரு புரோகிராமை யார் ஓட்டினாலும் அது தன் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓடட்டும் என்கிற குறி இது. டென்னிஸ் ரிட்சியின் யோசனை. 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1979இல் கிடைத்தது. சாதாரண யூசர் தன் பாஸ்வேர்டை மாற்றும்போது ரூட்டின் ஃபைலில் எழுத முடிவது இதனால்தான். ஃபைண்ட் கட்டளையில் பெர்ம் நிபந்தனைக்கு மைனஸ் 4000 கொடுத்தால் பட்டியல் வரும். பாஸ்வேர்ட் மாற்றும் புரோகிராம், எஸ்யூ, மவுண்ட் எல்லாம் எல்லா மெஷினிலும் இருப்பவை. அவற்றைத் தாண்டி விம், பைதான், ஃபைண்ட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் இப்படிப்பட்ட புரோகிராம்கள் வழியாக ரூட் பெறும் முறைகளைத் தொகுத்த ஜி.டி.எஃப்.ஓ.பின்ஸ் தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். பேஷுக்கே இந்தக் குறி இருந்தும் ரூட் வரவில்லை என்று குழம்பாதீர்கள். மைனஸ் பி போடாமல் ஓட்டினால் பேஷ் அந்த அதிகாரத்தைத் தானே கழற்றிவிடும். ஷெல் ஸ்கிரிப்டுக்கு இந்தக் குறி இருந்தாலோ லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கிரான். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள் இவை. எட்ஸி ஃபோல்டரில் உள்ள கிரான்டேப்பைப் படியுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பி-ஸ்பை என்ற கருவியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பொறுமையாகப் பாருங்கள், ரூட் எதையெல்லாம் ஓட்டுகிறது என்பது ரூட் அதிகாரம் இல்லாமலே தெரியும். அந்த ஸ்கிரிப்டில் நீங்களே எழுத முடிந்தால் வேலை முடிந்தது. முடியாவிட்டால் அது எதைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். எந்தக் கடை என்று சொல்லாமல் பையனை அரிசி வாங்க அனுப்பினால், வழியில் முதலில் வரும் கடையில்தான் வாங்குவான். முழு முகவரி இல்லாமல் ஒரு கட்டளையைக் கூப்பிடும் ஸ்கிரிப்டும் அப்படித்தான். கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பாத் பட்டியலில் முன்னால் வரும் ஃபோல்டரில் நீங்கள் எழுத முடிந்தால், அதே பெயரில் உங்கள் கடையை அங்கே திறந்துவிடலாம்.

வெப்சைட் ஃபோல்டரை ரூட், ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை போட்டு பேக்கப் எடுக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் யூசருக்கு அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்க வாய்ப்பு அதிகம். ஃபைல் பெயர்களுக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறி போட்டிருந்தால், ஷெல் அதை ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களாகவும் விரித்து டாரிடம் கொடுக்கும். இரண்டு மைனஸில் தொடங்கும் பெயரை டார் ஃபைலாகப் பார்க்காது, தனக்கு வந்த உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும். செக்பாயின்ட் ஆக்ஷன் என்ற ஆப்ஷனைப் பற்றிப் படித்துப் பாருங்கள், மீதி புரிந்துவிடும்.

லின்பீஸைத் தூக்கிப் போட வேண்டாம். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தாக வருவதை மட்டும் முதலில் படியுங்கள். ஃபைலில் சேமித்திருந்தால் லெஸ் மைனஸ் பெரிய ஆர் என்று திறந்தால் நிறம் தெரியும்.

உங்கள் கேரளத்திலேயே, அமிர்தபுரியில் உள்ள பயோஸ் மாணவர் அணி போட்டிகளுக்குப் பிறகு தீர்வுகளை விரிவாக எழுதி வெளியிடுகிறது. முட்டிப் பார்த்த பிறகு படியுங்கள், முன்னால் வேண்டாம். இவை எதையும் கல்லூரி லேப் சர்வரில் அனுமதியில்லாமல் முயன்று பார்த்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பலர் பகிரும் மெஷின் என்றால், ஃபிளாகை எடுத்ததும் டெம்ப் ஃபோல்டரில் எஸ்.யூ.ஐ.டி. குறியோடு பேஷ் நகல் ஏதாவது வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு வெளியேறுங்கள். விட்டுவைத்தால் அடுத்து வருகிறவர் பாடுபட்டுக் கற்க வேண்டியதை நீங்கள் பறித்ததாகிவிடும்.