கேப்டன் நாற்காலி

அன்புள்ள ஐயா,

இந்தக் கோடை விடுமுறையில் நானும் என் மகனும் 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களையும் படங்களையும் வரிசையாகப் பார்த்தோம். அவனுக்கு 11 வயது. 1996-இல் வந்த படத்தில், பூமியும் சேர்ந்திருக்கும் கிரகங்களின் கூட்டமைப்பில் 150-க்கும் மேற்பட்ட கிரகங்கள் இருப்பதாக கேப்டன் பிக்கார்ட் சொல்கிறார். உடனே இவன் கேட்டான்: "அத்தனை கிரகத்துல இருந்தும் ஆள் இருக்காங்கன்னா, கப்பல்ல ஏம்மா எல்லாரும் நம்மள மாதிரியே இருக்காங்க? ஏன் எப்பப் பார்த்தாலும் மனுஷனே கேப்டன்?" அந்தக் கூட்டமைப்பின் விண்கப்பல் படைக்குத் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவில், அதிபர் அலுவலகம் பாரிஸில் என்பதையும் அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். எழுதுகிறவர்கள் மனிதர்கள்தானே என்றேன். அவனுக்கு அது போதவில்லை. யோசித்தால் எனக்கும் போதவில்லை.

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. உங்கள் மகனின் கேள்வி தலையை விட்டுப் போகவில்லை.

எழுதுகிறவர்கள் மனிதர்கள் என்றால், கதையில் மனிதன் ஏன் இருக்கிறான் என்பது விளங்கும். அவனுக்கு ஏன் தலைமை கிடைக்கிறது என்பது அதில் விளங்காது. பையன் கேட்பது இரண்டாவதை.

ரசிகர்கள் கதைக்குள்ளேயே ஒரு காரணம் சொல்வார்கள். மனிதன் எதற்கும் வளைந்து கொடுப்பான், விழுந்தால் சட்டென்று எழுவான் என்று. 2004-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தூதர் சோவால் இதையே வாய்விட்டுச் சொல்கிறார். பெரும்போருக்குப் பின் வல்கன்கள் மீண்டெழக் கிட்டத்தட்ட 1500 ஆண்டுகள் ஆயின, மனிதர்களுக்கு ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை, அதனால்தான் உங்களைக் கண்டு அஞ்சுகிறோம் என்று. காட்சி நன்றாக இருக்கும். ஆனால் தொடர் தொடங்கி 38 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்த காரணம் அது.

தொடக்கத்தில் இருந்த காரணம் பணம். 1966-இல் ரோமுலன்கள் முதன்முதலாக வரும் பகுதியைப் பையனோடு மறுபடி போட்டுப் பாருங்கள். அவர்கள் வல்கன்களின் பங்காளிகள், கூர்க்காது உள்ளவர்கள். ஆனால் முக்கியமான இரண்டொருவருக்குத்தான் காது தெரியும். மற்ற வீரர்கள் காதை மூடும் தலைக்கவசம் போட்டிருப்பார்கள். ஆளுக்கு ஆள் ரப்பர் காது செய்து ஒட்டக் கட்டுப்படியாகவில்லை. அப்படிப்பட்ட செட்டில் மனிதனாக வரும் நடிகர் மேக்கப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் தயாராகிவிடுவார். 150 கிரகங்களின் கப்பலை மனிதர்களால் நிரப்பியது அந்தப் பத்து நிமிடம்தான்.

1973-இல் அதே தொடர் கார்ட்டூனாக வந்தபோது, முதலில் செக்கோவ் என்ற மனித மாலுமி உட்கார்ந்த இருக்கையில் ஏரெக்ஸ் என்ற மூன்று கை, மூன்று கால் உயிர் உட்கார்ந்தது. பூனை முகத்தோடு ம்ரெஸ் வந்தாள். வரைகிறவருக்கு மூன்றாவது கையும் ஒரு கோடுதானே. செக்கோவாக நடித்தவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாததால் அவரை விட்டுவிட்டார்கள், ஏரெக்ஸுக்குக் கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்தவரே குரல் கொடுத்தார். கேப்டன் நாற்காலியில் மட்டும் அப்போதும் மனிதனான கிர்க்தான்.

புத்தகத்தில் மேக்கப் செலவே இல்லை. அங்கேயும் ஏன் இதே கதை? இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ். 1940-இல் 'ஹோமோ சோல்' என்று ஒரு சிறுகதை எழுதினார், அண்டக் கூட்டமைப்பில் பூமி சேர்க்கப்படுவதைப் பற்றி. அவருக்கு வயது 20. கதையை வாங்கியவர் 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல். அந்தக் காலத்து அறிவியல் புனைகதைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். வேற்றுயிர்களும் மனிதனும் சந்தித்தால் மனிதன் ஏதாவது ஒரு வகையில் மேலோங்கியே தீர வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தத் திசையில் கதையைத் திருத்தச் சொன்னார். அசிமோவ் ரஷ்யாவில் பிறந்த யூதர். ஐரோப்பாவில் ஹிட்லரின் படைகள் முன்னேறிக்கொண்டிருந்த ஆண்டு அது. பிறவியிலேயே ஓர் இனம் உயர்ந்தது என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு அவரே எழுதியிருக்கிறார்: ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க முடியாமல், வேற்றுயிரே இல்லாத ஓர் அண்டத்தைப் படைத்துக்கொண்டேன் என்று.

அப்படி அவர் எழுதிய 'ஃபவுண்டேஷன்' கதைகள் 1942-இலிருந்து வரத் தொடங்கின. இரண்டரைக் கோடி உலகங்கள், அத்தனையிலும் மனிதர்கள் மட்டும். கல்லூரி நாட்களில் அதைப் படித்தபோது அந்த வெறுமையை ஒரு பிரம்மாண்டம் என்று நினைத்தேன். காரணம் தெரிந்த பிறகு அப்படி வாசிக்க முடியவில்லை. தாழ்த்தி எழுத மனம் வராமல் ஒருவர் காலி செய்த வீடு அது.

இன்னும் ஒன்று உண்டு, பணத்தையும் ஆசிரியரையும்விட ஆழமானது. ஸ்டார் டிரெக்கில் வல்கன் என்றால் தர்க்கம், கிளிங்கன் என்றால் வீரம், ஃபெரெங்கி என்றால் லாபம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குணத்தை எழுதி ஒட்டிவிடுகிறார்கள். மனிதனுக்கு மட்டும் எதுவும் ஒட்டப்படவில்லை. அவன் கோபக்காரனாக இருக்கலாம், கவிஞனாக இருக்கலாம், கஞ்சனாகவும் இருக்கலாம். ஆகவே எல்லோருக்கும் பொதுவானவன் அவனே, நடுவில் உட்காரத் தகுந்தவனும் அவனே என்று ஆகிவிடுகிறது. ஊரார் பேசுவதெல்லாம் வட்டார வழக்கு, தான் பேசுவது மட்டும் மொழி என்று நம்புகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆதிக்கத்தில் இருப்பவர்கள் தங்களை எப்போதும் இப்படித்தான் பார்க்கிறார்கள். உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா தன்னைப் பார்த்ததும் இப்படித்தான். தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவில் இருப்பது எழுதியவர்களுக்கு உறுத்தவே இல்லை.

உறுத்திய இடமும் உண்டு. 1991-இல் வந்த படத்தில் கிளிங்கன்களுக்கு ஒரு விருந்து. பேச்சுவாக்கில் செக்கோவ் 'மனித உரிமைகள்' என்கிறார். கிளிங்கன் தலைவரின் மகள் அஸெட்பர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறாள். இந்தப் பெயரிலேயே இனவெறி இருக்கிறது, உங்கள் கூட்டமைப்பு மனிதர்களுக்கு மட்டுமான கிளப் என்கிறாள். கிர்க்கின் கப்பலில் இருக்கும் பாதி வல்கன் ஸ்போக்கும் அந்த மேசையில்தான் இருக்கிறார். உங்கள் மகன் கேட்டதைத் தொடரே 25 ஆண்டுகள் கழித்துத் தன்னிடம் கேட்டுக்கொண்ட தருணம் அது.

அதைவிட என்னை வருத்துவது 1968-இல் வந்த ஒரு காட்சி. 'இன்ட்ரெபிட்' என்று ஒரு கப்பல், முழுக்க வல்கன்கள், 400 பேர். ஆக, மனிதர் இல்லாத கப்பலும் அந்தப் படையில் உண்டு. ஆனால் அதன் உள்ளே நம்மை ஒரு முறைகூட அழைத்துப் போகவில்லை. எங்கோ தொலைவில் அது அழிகிறது. ஸ்போக் தன் இருக்கையில் துடித்துப்போகிறார், 400 பேரின் சாவும் அவருக்குத் தெரிகிறது. மருத்துவர் மெக்காய்க்கு அது புரிவதே இல்லை. ஒருவரின் சாவுக்கு உருகுகிறீர்கள், பத்து லட்சம் பேரின் சாவு உங்களுக்கு எட்டுவதில்லை என்ற பொருளில் ஸ்போக் சொல்லும் பதில் அந்தத் தொடரிலேயே மிக நேர்மையான பேச்சு என்பேன்.

மாற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1981-இல் சி. ஜே. செர்ரி எழுதிய 'தி பிரைட் ஆஃப் சானுர்' நாவலில் சிங்க முகமுள்ள ஹானி இனத்தவள் கப்பல் தலைவி. கதை முழுக்க அவள் பார்வையில் நடக்கிறது. மனிதன் ஒரே ஒருவன், டல்லி. தப்பி ஓடிவந்து அவள் கப்பலில் ஒளிகிறான். உடம்பில் மயிர் இல்லாத, பேச்சு புரியாத, பயந்த பிராணி. நம்மை நாமே வெளியிலிருந்து பார்க்கும் அந்த முதல் சில பக்கங்களுக்காகவே படிக்கலாம்.

தமிழில் எழுதும்போது எனக்கு இந்தச் சிக்கல் வினைமுற்றிலேயே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கதையில், நீரில் வாழும் ஓர் உயிரைக் கப்பலின் மருத்துவராக வைத்தேன். "மருத்துவர் வந்தார்" என்று எழுதியதும் அது கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய மனிதராகிவிட்டது. "வந்தது" என்று மாற்றினேன், வளர்ப்புப் பிராணி ஆகிவிட்டது. 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைத் தொடங்குகிறது. நன்னூல் அந்த வரிசையில் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. விண்மீன்களிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. ஒரு வாரம் அடித்துத் திருத்திய பிறகு, கதையை அந்த உயிரின் வாயாலேயே சொல்ல வைத்தேன். "வந்தேன்" என்ற சொல் ஆணா பெண்ணா, மனிதனா மீனா என்று காட்டுவதில்லை. அதற்குப் பின் கதையில் வந்த மனிதர்கள்தான் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தார்கள்.

விடுமுறை மிச்சம் இருந்தால் உங்கள் மகனிடம் ஒரு தாளைக் கொடுங்கள். இன்ட்ரெபிட்டின் கடைசி ஒரு மணி நேரத்தை, அதில் இருந்த ஒரு வல்கன் "நான்" என்று சொல்வதாக எழுதட்டும். அந்தக் கப்பலின் கேப்டனுக்கு அந்தப் பகுதியில் ஒரு பெயர்கூட இல்லை, அதையும் அவனே வைக்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.